நம்பரை மறைத்த வண்டி

பிப்ரவரி 12

அன்புத் தம்பி டில்லிபாபுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் கவிப்பிரியாவும் சௌக்கியம். அவளுக்கு மூன்று நாளாக இருந்த சளி இறங்கிவிட்டது. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிடுகிறாயா, அல்லது பாட்டிலை மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போகிறாயா?

இதையும் கே.ஜி.கண்டிகையில் தணிகைமணியின் பஞ்சர் கடை முகவரிக்கே போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் அம்மா கையில் கிடைக்கும். அப்புறம் மாப்பிள்ளை காதுக்குப் போக ஒரு போன் போதும்.

நேற்று ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருக்கும் பானுப்ரியா போனை நீட்டி, "இது உங்க திருத்தணி மலைதானே அக்கா?" என்றாள். அவள் அண்ணன் இருக்கிற ஏதோ கார்க்காரர்களின் பேஸ்புக் பக்கமாம். பார்த்தால் நீ! வெள்ளை வண்டி, மஞ்சள் போர்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், ரோஜா மாலை, பக்கத்தில் புது வேட்டியில் பல்லைக் காட்டிக்கொண்டு என் தம்பி. பதினோரு வருஷம் ஆர்.கே.பேட்டையில் அடுத்தவன் விசைத்தறியில் நின்றவன் சொந்த வண்டிக்காரன் ஆகிவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பானு பயந்துபோய், ஊரில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள்.

ஆனால் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்துவிடு, இல்லையென்றால் நம்பரை மறைத்துப் போடு. கவியைப் பெற்றவர், உன் பாவா, எங்கே வேலை பார்க்கிறார் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
புஷ்பலதா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி டில்லி எழுதுவது. நான் நலம், வண்டி அதைவிட நலம். அம்மாவுக்குத் தைலம் நான்தான் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க உன் பேச்சுத்தான். "குடும்பம்னா நாலு இருக்கும். அதுக்குன்னு பொண்ணு எங்க கீதுன்னே தெரியாமப் போயிடணுமா?" என்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தேய்க்கிறேன்.

அக்கா, அந்தப் படத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு லைக் விழுந்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்கிறாயே! நம்பரை மறைக்கணுமா வேண்டாமா என்று அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய சண்டை. கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் நம்பர்மேல் பூ வைத்துத்தான் படம் போடுவார். திருச்சிக்காரன் ஒருத்தன் அவரிடம், "ரோட்டுல போறப்போ பூ வச்சு மறைச்சிக்கினா போறீங்க டாக்டர்?" என்று கேட்டுவிட்டான். நான் திருச்சிக்காரன் கட்சி. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் பார்க்கிற நம்பரைப் படத்தில் மறைத்து என்ன ஆகப்போகிறது? அதிலும் என்னுடையது வாடகை வண்டி. அரக்கோணம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் நம்பரைப் பார்த்துத்தான் என்னிடம் வருகிறார்கள். மறைத்தால் திருட்டு வண்டி என்று நினைப்பார்கள்.

பாவாவுக்கு இந்தப் பக்கமெல்லாம் பார்க்க ஏது நேரம்? நீ வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஒரு நாள் வண்டியிலேயே வந்து கவியை ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டுகிறேன்.

அவளுக்கு மாமாவின் முத்தம்.

டில்லிபாபு


மார்ச் 3

டில்லிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எல்லோரும் சுகம்தானே?

உனக்கு மறந்துவிட்டது போல. மறுபடி சொல்கிறேன், ஒரே தடவைதான். டிசம்பரில் உன்னோடு இங்கே வரப் பஸ் ஏறியபோது, உன் பாவா அடித்த அடியில் எனக்கு இடது காது கேட்கவில்லை. இன்னும் சரியாகக் கேட்கவில்லை. பானு அந்தப் பக்கமிருந்து பேசினால் நான் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பினார்கள். அந்தச் சமாதானம் ஆறு நாள் தாங்கியது. மணவூரில் சின்னம்மா வீட்டில் ஒளிந்தேன். என் போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து இரண்டாம் நாளே வாசலில் வந்து நின்றார். அதனால்தான் போன் இல்லாமல் இந்தக் காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் டோல்கேட் சூப்பர்வைசர். அவரோடு வேலை பார்த்தவர்கள் இப்போது எல்லா ரோட்டிலும் எல்லா கேட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. சோறு சாப்பிட்டுக்கொண்டே சொல்வார், எந்தப் பெரிய மனுஷன் வண்டி எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனது, பக்கத்து சீட்டில் யார் என்று. "நம்பர் மட்டும் குடு, ஜாதகமே சொல்றேன்" என்பார். நான் சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றியிருக்கிறேன்.

ரோட்டில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்கிறாய். ஆயிரம் பேரும் என்னைத் தேடவில்லை. ஒருவர்தான் தேடுகிறார். உன்னிடம் புது வண்டி இருப்பதே அவருக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டாம்.

இங்கே வருவதென்றால் பஸ்ஸில் வா.

புஷ்பலதா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வாங்கிக்கொண்ட தம்பி எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, ரோஷம்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறது.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். பழைய படத்தை எடுத்தாயிற்று. நேற்று இரண்டு புதுப் படம் போட்டேன். முன்பக்கம் எடுக்கும்போது நம்பர் பலகை முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டேன். பார்க்கிறவர்களுக்குப் பூஜை போட்டது போலத்தான் இருக்கும். பின்பக்கப் படத்தில் நம்பர்மேல் ஒரு மயில் படத்தை ஒட்டிவிட்டேன். திருச்சிக்காரன் என்னைக் கட்சி மாறிவிட்டாய் என்று கிண்டல் பண்ணுகிறான். கோயம்புத்தூர் டாக்டர் கை கொடுத்திருக்கிறார்.

இனிமேல் எந்தப் படத்திலும் ஒரு எண்கூடத் தெரியாது. மலைமேல் இருக்கிறவன்மேல் சத்தியம்.

பின் கண்ணாடியில் ஒரு விசேஷம் பண்ணியிருக்கிறேன். எழுத மாட்டேன். கவி அதைப் பார்க்கிறபோது அவள் முகத்தை நான் பார்க்கணும்.

அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை. காது தைலம் ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா?

டில்லி


ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

பஸ்ஸில் வா என்று எழுதினேன். வண்டியிலேயே வந்து நின்றாய். உன்னை என்ன செய்வது? கவியின் பிறந்தநாள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். கரடி பொம்மையை அவள் கீழே வைப்பதே இல்லை. அவளைவிட ஒரு சாண் உயரம். கட்டிலில் எனக்கு இடம் போய்விட்டது.

பின் கண்ணாடியில் அவ்வளவு பெரிதாக "கவிப்பிரியா" என்று எழுதி வைத்திருந்தாயே, அதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தபோது நானும் குழந்தையாகிவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஹாஸ்டல் முழுக்க, "எங்க மாமா வண்டிக்கு என் பேர்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இங்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக உன்னைத் திட்டாமல் விடுகிறேன்.

ஜூனில் இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடப்போகிறேன். ஹெட்மாஸ்டர் அம்மா நல்ல மாதிரி.

போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு வரி எழுது.

அக்கா


மே 14

அன்புத் தம்பிக்கு,

ஏப்ரல் ஒன்பதில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. இது மூன்றாவது.

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? அம்மாவுக்கா? இல்லை, நான் எழுதியதில் ஏதாவது மனஸ்தாபமா? தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் தைக்கிற கம்பெனியில் இருப்பேன். சாயங்காலம் வந்ததும் வார்டன் அறைப் பக்கம்தான் முதலில் போகிறேன். நேற்று அந்த அம்மா, "உங்களுக்கு வந்தா நானே எடுத்துட்டு வந்து கொடுக்க மாட்டேனா?" என்று சலித்துக்கொண்டார்.

தெருவில் வெள்ளைக் கார் எது நின்றாலும் முதலில் நீயோ என்று நினைக்கிறேன். அப்புறம்தான் வேறு நினைப்பு வருகிறது. கவியைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.

ஒரு வரி போதும் டில்லி.

புஷ்பலதா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீ கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. சவாரி அதிகம், அதனால் எழுத முடியவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள்.

வெயில் அதிகமாக இருக்கிறது.

அந்த ஊரில் அந்த ஹாஸ்டலை விட்டால் வேறு இடம் உண்டா? வேறு ஊரில் தையல் கம்பெனி இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருக்கும். வண்டிக் கதவில் வலது கட்டைவிரல் நசுங்கிவிட்டது. இப்போது பரவாயில்லை.

டில்லிபாபு


ஜூன் 2

டில்லிக்கு,

உன் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. "வெயில் அதிகமாக இருக்கிறது" என்று எழுதுகிற ஆளா நீ?

பதினோரு வருஷம் விசைத்தறியில் கை சிக்காமல் நின்றவன் விரல் வண்டிக்கதவில் எப்படி நசுங்கும்?

அவர் வந்தாரா? மறைக்காமல் எழுது. நீ மறைக்கிற ஒவ்வொரு நாளும் நான் இங்கே ஒன்றும் தெரியாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புஷ்பலதா


ஜூன் 8

அக்காவுக்கு,

இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். நீயும் கவியும் நலமாக இருக்கணும் என்று முதலில் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி. சவாரி முடித்து வீட்டுக்கு வந்தேன். பாவா உட்கார்ந்திருந்தார். அம்மா காபி கொடுத்து, பக்கத்தில் முறுக்குத் தட்டும் வைத்திருந்தாள்.

"வா டில்லி, புது வண்டியாமே! ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றார் சிரித்துக்கொண்டே. "என் பொண்ணு பேரைப் பின்னாடி எழுதிக்கினு ஊரெல்லாம் சுத்திக்கினு கீறே. பெத்தவனை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்பரைச் சந்தனம் பூசி மறைத்தேன், மயிலை ஒட்டி மறைத்தேன். அதே படத்தில் கவி பேரை முழங்கை நீளத்துக்குப் போட்டிருக்கிறேன். யாரோ அந்தப் படத்தை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர் அதைத் தன் ஆட்கள் குழுவில் போட்டு, இந்தப் பேர் போட்ட வண்டி கேட்டுக்கு வந்தால் சொல்லு என்றிருக்கிறார். நம்பர் அவருக்குத் தேவையே படவில்லை. பேரைப் பார்த்து வண்டியைப் பிடித்தார்கள், வண்டியைப் பார்த்து நம்பரை எடுத்தார்கள். ஊரில் எல்லாரும் பிள்ளைகள் பேரை எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். நீயும் பார்த்தாய், அன்றைக்கு உனக்கும் தோன்றவில்லை.

போனைப் பார்த்துப் படித்தார். "ஏப்ரல் ஆறு. பாப்பா பொறந்தநாளு. காலைல பதினொண்ணு நாப்பதுக்குப் போனே. சாயங்காலம் ஆறே காலுக்குத் திரும்பினே. இன்னா, சவாரியா?"

"ஆங் பாவா, சவாரிதான்" என்றேன்.

"போறப்போ பின் சீட்டுல ஒரு கரடி பொம்மை. வர்றப்போ இல்ல. பொம்மையைத்தான் சவாரி ஏத்திக்கினு போனியா?"

அம்மா அப்போதும் புரியாமல் முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

வண்டியைப் பார்க்கணும் என்றார். கதவைத் திறந்து காட்டினேன். என் கை அங்கே இருந்ததைப் பார்க்கவில்லை என்றார். கதவை மூடியதும் உடனே திறக்கவும் இல்லை. அக்கா, அத்தனைக்கும் நான் ஊர் பேரைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் ஒன்றரை மாதம் ஓட்டியதற்குக் காரணம் பயம்கூட இல்லை, வெட்கம். நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் லைக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று இருக்கிறது. ஏப்ரல் ஆறில் என் வண்டி போன அந்த கேட்டைத் தாண்டினால் இரண்டே டவுன். அதில் ஒன்று உன்னுடையது. பதினாறாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து பத்து நாள் லீவு போட்டிருக்கிறார். தெருத் தெருவாகப் பார்க்கப்போவதாக முந்தாநாள் மறுபடி வந்து அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா என் விரலைப் பிடித்து, தன் முட்டித் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

உடனே எழுது.

டில்லி


ஜூன் 11

டில்லிக்கு,

உன் விரலுக்கு என்ன மருந்து போடுகிறாய்? நகம் வந்ததா?

அழுவதற்கு இப்போது நேரமில்லை. கவிக்கு யூனிஃபார்ம் தைத்து நாலு நாள்தான் ஆகிறது. போகட்டும். இங்கே மணியம்மை என்று ஒரு வக்கீலம்மா இருக்கிறார். கோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டு மனு போட ஏற்பாடு செய்கிறார். வேறு ஊரில் வேலைக்கும் தங்குவதற்கும் அவரே பேசியிருக்கிறார். ஆனால் இங்கே கணக்கை முடித்து, பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி, ஊர் மாற எனக்கு நாலைந்து நாள் வேண்டும். அந்த நாட்களில் அவர் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

அதற்கு உன் வண்டி வேண்டும்.

அதே மாதிரி கரடி பொம்மை இன்னொன்று வாங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வடக்கே போ. ரேணிகுண்டா, நாயுடுபேட்டை, நெல்லூர். வழியில் உள்ள கேட் ஒவ்வொன்றிலும் மெதுவாகப் போ. நெல்லூரில் பகல் முழுக்க இரு. திரும்பும்போது பின் சீட்டில் பொம்மை இருக்கக் கூடாது. மறுநாள் அதேபோல் மறுபடி போ, ஒரு சின்னப் பெண்ணின் செருப்பைக் கண்ணாடியோரம் வைத்துக்கொண்டு.

இரண்டு நாளும் அந்தப் பக்கத்தில் படம் போடு. கண்ணாடி துடைத்து, பலகை துடைத்து, நல்ல வெளிச்சத்தில் எடு.

இந்தத் தடவை நம்பரை மறைக்காதே.

உன் அக்கா
புஷ்பலதா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீயும் கவியும் சுகம் என்ற ஒரு வரியை நாலு தடவை படித்தேன். இதைப் பானுப்ரியாவுக்கு அனுப்புகிறேன், அந்தப் பெண் உனக்குச் சேர்ப்பாள். எனக்கு விரல் தேறிவிட்டது, நகம் மட்டும் கறுப்பாக வருகிறது.

சொன்னபடியே போனேன். பொம்மைக்கு சீட் பெல்ட் போட்டேன். முதல் கேட்டில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். நெல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பெண்ணுக்குப் பொம்மையைக் கொடுத்துவிட்டேன். அந்தக் குழந்தை நம்பவே இல்லை, திருப்பிக் கேட்பேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பென்னா ஆற்றுப் பாலத்தோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துப் போட்டேன். நம்பர், பேர், எல்லாம் பளிச்சென்று. திருச்சிக்காரனுக்கு ஏக சந்தோஷம். அரை மணி நேரத்தில் பாவா ஒரு ஹார்ட் போட்டார்.

திங்கட்கிழமை அவர் நெல்லூர் போய்விட்டார். பத்து நாளும் அங்கேதான். வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார். "எந்தத் தெருவுல வச்சிக்கினு கீறே?" என்றார். "யாரும் இல்ல பாவா. பொம்மையைத்தான் ஏத்திக்கினு போனேன்" என்றேன். இந்தத் தடவை அது சத்தியமான வார்த்தை. அவருக்குப் புரிந்துவிட்டது. கையை இரண்டு பாக்கெட்டிலும் விட்டுக்கொண்டு நின்றேன். நடுவில் அம்மா வந்து நின்றாள். காபி கொடுக்கவில்லை, பால் தீர்ந்துவிட்டது என்றாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, வாசனை வந்தது.

அவர் தேடுவதை விடமாட்டார், அக்கா. அதனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. எந்த ஊர் என்று எனக்கு எழுதாதே. இப்போது வந்த கடிதத்தையே உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் தாளை மட்டும் கொடு என்று தணிகைமணியிடம் சொல்லித்தான் வாங்கினேன். முத்திரையைப் பார்த்தால் எனக்கு ஊர் தெரிந்துவிடும். தெரியாததை எத்தனை விரல் நசுங்கினாலும் சொல்ல முடியாது. இன்னும் ஒன்பது இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

கண்ணாடியில் இருக்கும் பேரைச் சுரண்டிவிடலாம் என்று தணிகைமணி பிளேடை எடுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் இந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். இதைப் பார்க்கிற வரைக்கும் உன்னைப் பார்க்கமாட்டார். வடக்கே போகிற சவாரி, கிழக்கே போகிற சவாரி எல்லாம் எடுக்கிறேன். உன்னைத் தேடி மட்டும் இந்த வண்டி வராது. கவி கேட்டால் மாமாவுக்குச் சவாரி அதிகம் என்று சொல்லிவிடு.

ஏறுகிறவர்கள் எல்லாரும் பின் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணாங்க?" என்று கேட்கிறார்கள். ஆங் என்கிறேன். எந்த ஊரில் படிக்கிறாள் என்று கேட்டால் தெரியாது என்கிறேன். பெற்ற பெண் எங்கே படிக்கிறாள் என்று தெரியாதவனும் ஓர் அப்பனா என்று ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நீ காதுக்கு டாக்டரிடம் போ. கவிக்கு முத்தம்.

உன் தம்பி
டில்லிபாபு